நிகழ்ச்சியின் வகை: நடனம்

ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில், எங்கள் ஈழத்தமிழ்ச் சனத்துக்குள் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: அன்ட்ராக் அக்கா. அன்ட்ராக் என்றால் விண்ணப்பப் படிவம். விசா நீட்டுவதோ, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதோ, பெரியபிள்ளையானவளின் சாமத்தியவீட்டுக்கு மண்டபம் எடுப்பதோ, எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் என் குசினி மேசைக்கு வந்துவிடும். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டொக்டர் நாடி பிடிப்பதுபோல முதலில் முழுப் படிவத்தையும் ஒரு சுற்று வாசிப்பேன். வந்தவர்கள் மூச்சுக் காட்டாமல் இருப்பார்கள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும். என் கையால் நிரப்பிய எதுவும் திரும்பி வந்ததில்லை என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். தலைக்கனம்தான், வேறென்ன.

ஒன்று திரும்பி வந்தது. அது எங்கள் ஆட்களுடையது அல்ல என்பதால் யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

யூரோக் காசு வந்து நாலைந்து ஆண்டு ஆகியிருக்கும். அப்போது நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தேன். பாத்திரம் கழுவும் இயந்திரத்தடியில் ஒரு கியூபாக்காரி நின்றாள். என் வயதுதான். ஒரு ஜெர்மன்காரரைக் கட்டி வந்து, அவரை விட்டுப் பிரிந்து, வளர்ந்த மகளோடு இருந்தாள். அவளுடைய முன்னோர்கள் கரும்பு வெட்டுவதற்காக ஆபிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்டவர்கள். அதை அவள் தன் வீட்டு விலாசம் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்வாள். கழுவி வைத்த தட்டங்களில் எந்நேரமும் தாளம் போடுவாள். தலைமைச் சமையற்காரர் சத்தம் போட்டால் தட்டத்தை விட்டுவிட்டுத் தன் தொடையில் தட்டுவாள்.

எங்கள் இருவருக்கும் பொது மொழி உடைந்த ஜெர்மன். அவள் சொன்னதை இப்போது எழுதப் போனால் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் வருகிறது. என் காதில் அப்படித்தான் தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அந்த ஆண்டு கோடையில் கியூபாவில் அவளுடைய அம்மா இறந்துபோனார். விசா நீட்டிப்புக்காக அவளுடைய பாஸ்போர்ட் அலுவலகத்தில் கிடந்ததால் போக முடியவில்லை. நான் அதைப் புரியாதவள் இல்லை. என் அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது சண்டையால் பாதை பூட்டியிருந்தது. தொலைபேசியில் மற்றவர்கள் அழுவதைக் கேட்டுக்கொண்டு இதே நகரத்தில் நின்றவள் நான். அவள் விஷயத்தில் என்னைவிட நன்றாக நடந்துகொள்ளக் கூடியவர் அந்தச் சமையலறையில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

ஐப்பசியில் ஒரு நாள், தேநீர் இடைவேளையில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்து மர வாங்கில் அவள் என்னோடு வந்து இருந்தாள்.

"என்ரை அம்மாவுக்கு ஒரு பெட்டி அடிக்க வேணும்," என்றாள்.

சவப்பெட்டி என்று நினைத்துவிட்டேன். அவள் சிரித்தாள். பிறகு விளக்கினாள். முன்னொரு காலத்தில் அவர்களுடைய மேளங்களை எசமான்கள் பறித்துவிட்டார்கள். மேளம் அடித்தால் தண்டனை. துறைமுகத்தில் கருவாடும் மெழுகுதிரியும் வந்த மரப்பெட்டிகள் சும்மா கிடந்தன. அந்தப் பெட்டிகளில் அடித்தார்கள். பிடிபட்டால், பெட்டியில் குந்தியிருந்தோம் என்று சொல்லலாம். தடை போன பிறகும் செத்தவர்களுக்கு அடிப்பது பெட்டியில்தான். கஹோன் என்று பெயர். பெட்டி என்பதற்கு அவர்களுடைய சொல் அது.

"பெட்டி அடிச்சு, பாடி, ஆடுவம். அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டு அம்மா வருவா. ஆரும் ஒராளிலை ஏறி நிண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் போட்டுப் போவா. அது நடக்காமல் அவ போக ஏலாது. வழியிலையே நிப்பா."

எங்கள் ஊரில் இதை உருவந்து ஆடுவது என்போம். அம்மன் கோயிலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதை அவளுக்குச் சொல்லவில்லை. "அப்பிடியோ," என்று மட்டும் சொன்னேன்.

"நீங்கள் பாடுற பாட்டுக்கு என்ன கருத்து?" என்று கேட்டேன்.

"பாதிச் சொல்லு ஸ்பானிஷ். மிச்சம் கொங்கோவிலையிருந்து வந்தது. எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. ஆனால் ஒரு சொல்லும் மாத்த மாட்டம். கப்பலிலை ஒண்டும் கொண்டுவர விடேல்லை, வாயிலை இருந்ததைத்தான் கொண்டு வந்தவை."

பெட்டி அடிப்பவர்கள் மூன்று பேரும், முன்னின்று பாடும் ஒரு வயதான அம்மாவும் ஹம்பேர்க்கில் இருந்தார்கள். கார்த்திகையின் கடைசியில், அதாவது நவம்பர் முடிவில், ஒரு ஞாயிறு மட்டும்தான் அவர்களால் வர முடியும். எங்கள் பகுதியில் நகரசபைக்குச் சொந்தமான ஒரு மண்டபம் உண்டு. நாங்கள் அடிக்கடி எடுக்கும் மண்டபம் என்பது அவளுக்குத் தெரியும்.

"நீர் எழுதித் தாரும். நீர் எழுதினால் திரும்பி வராதாமே," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படிவத்தோடு வந்தாள். பேர், விலாசம், ஆட்தொகை எல்லாம் நிரப்பினேன். பிறகு அந்தக் கட்டம் வந்தது: நிகழ்ச்சியின் வகை.

அந்தக் கட்டத்தை நான் எத்தனையோ தடவை நிரப்பியிருக்கிறேன். பிள்ளைகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு 'நடன நிகழ்ச்சி' என்று எழுதுவேன். எங்கள் ஆட்களின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு 'கெடெங்க்ஃபையர்' என்று எழுதுவேன், நினைவு நிகழ்ச்சி. அவள் அம்மாவுக்கு எது என்று யோசிக்கவே தேவையில்லை. பேனா அந்தச் சொல்லின் முதலெழுத்தை எழுத வந்து நின்றது.

பக்கத்து அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் எட்டிப் பார்த்தார். "என்னவாம்?" என்று தமிழில் கேட்டார். சொன்னேன்.

"செத்ததுக்கு மேளம் அடிச்சு ஆடுறதோ? எங்கடை பறையடிக்கிற ஆக்கள் மாதிரியெல்லோ கிடக்கு," என்று சிரித்துவிட்டு உள்ளே போனார். அவளுக்கு விளங்கவில்லை. அவரும் ஏதோ நல்லதாகச் சொன்னார் என்று நினைத்து அவளும் சிரித்தாள்.

எனக்குப் பதினொரு வயதில் அப்பா இறந்தார். வீட்டுக்குள் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. வராததால் பயமாக இருந்தது. பறைமேளம் அடிக்க வந்தவர்கள் படலைக்கு வெளியே நின்றார்கள். அவர்களை உள்ளே விடுவதில்லை. எங்கள் சாதிக்காரரின் வளவுக்குள் அவர்கள் காலடி படக்கூடாது, ஆனால் அவர்கள் வராமல் பிரேதமும் வெளிக்கிடாது. அவர்கள் அடிக்கத் தொடங்கியதும் என் நெஞ்சுக்குள் இருந்தது உடைந்து அழுகை வந்தது. அப்பா போய்விட்டார் என்று எனக்குச் சொன்னது அந்த மேளம்தான். பிறகு அவர்கள் தேநீர் குடித்த தகரப் பேணியை, கை படாமல் ஒரு கம்பில் கொழுவி எடுத்துப்போய் மாட்டுக்கொட்டிலில் வைக்கும்படி வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். வைத்தேன். அழுதுகொண்டே, கம்பால்தான் வைத்தேன்.

இதெல்லாம் எனக்கு அந்த மேசையில் ஒரு நொடியில் வந்துபோனது. வந்தபிறகும் என் கை என்ன செய்தது என்பதுதான் விஷயம். எங்கள் ஐயர் வந்து மந்திரம் சொல்லும் கிரியைக்கு எழுதும் அதே சொல்லை இவளுடைய பெட்டிக்கும் எழுதுவதா என்று ஒரு நினைப்பு வந்தது. வெட்கம்கெட்ட நினைப்பு. ஐயர் சொல்லும் மந்திரத்தில் ஒரு சொல்லுக்காவது எனக்குக் கருத்துத் தெரியுமா? தெரியாது. ஜெர்மனியில் ரயிலில் ஒருவன் தள்ளியிரு என்று என்னிடம் சொன்னபோது வீடுவரை கொதித்துக்கொண்டு வந்தவள் நான். அந்த நான்தான், ஆட்டம் ஆட்டம்தானே என்று சொல்லிக்கொண்டு, கட்டத்துக்குள் அழகான எழுத்தில் 'நடன நிகழ்ச்சி' என்று எழுதினேன். பழக்கத்தில் வந்துவிட்டது என்று பிறகு எத்தனையோ ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பழக்கமில்லை. பேனா நின்றது எனக்குத் தெரியும்.

அவள் கையெழுத்து வைத்தாள். என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டுப் போனாள்.

மண்டபம் எடுக்கும் கடிதங்கள் வழக்கமாக என் விலாசத்துக்குத்தான் வரும். இரண்டு கிழமையில் வந்தது. மறுப்பு. நாங்கள் கேட்ட அந்த ஞாயிறு ஜெர்மன்காரர் இறந்தவர்களை நினைக்கும் நாள். அமைதி நாட்களில் ஒன்று. அந்த நாளில் பொது இடத்தில் நடனம் சட்டப்படி தடை. எனக்கு அந்த நாள் தெரியாததல்ல. எங்கள் முதியோர் இல்லத்திலேயே ஒவ்வொரு ஆண்டும் அந்த ஞாயிறு, அவ்வாண்டு இறந்தவர்களின் பெயரை வாசித்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். நான்தான் பெரிய வாசிப்புக்காரி, நாளைப் பார்க்கவில்லை.

மண்டபத்துக்குப் பொறுப்பான அலுவலர் பெண்ணுக்கு வேலையிடத்திலிருந்து தொலைபேசி எடுத்தேன். அவள் தன்மையாகத்தான் பேசினாள். "நடனம் என்று எழுதியிருக்கிறீர்கள், நான் என்ன செய்ய? இறந்தவருக்கான நினைவு நிகழ்ச்சி என்றால் அதைவிடப் பொருத்தமான நாள் ஏது? விண்ணப்பதாரரே திருத்திக் கையெழுத்து வைத்து வெள்ளி மதியத்துக்கு முன் கொண்டுவந்து தரட்டும்," என்றாள். அன்று புதன்கிழமை.

விண்ணப்பதாரர் என்னிடமிருந்து நாலு எட்டுத் தூரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பிழையாக எழுதிவிட்டேன், வாரும், திருத்துவம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். புதன் சொல்லவில்லை. வியாழன் இரண்டு தரம் கிட்டப் போய்த் திரும்பி வந்தேன். ஏன் அப்படி எழுதினீர் என்று அவள் கேட்பாள், என்ன சொல்வது? வெள்ளிக்கிழமை மதியம் தாண்டியபிறகு போய்ச் சொன்னேன்.

"மண்டபம் தரமாட்டினமாம். அண்டைக்கு ஆட ஏலாதாம். அது சட்டமாம்."

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. படிவம் நிரப்புகிறவர்கள் பொய்யை அப்படித்தான் சொல்வார்கள்.

அவள் கோபப்படவில்லை. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தாள். "இஞ்சையும் தடையோ," என்றாள். பிறகு, "எங்களுக்கு இது புதிசில்லைத்தானே. நீர் கவலைப்படாதையும்," என்று என் தோளைத் தட்டினாள். என்னைத் தேற்றினாள்.

ஹம்பேர்க்காரர் ஏற்கெனவே வெளிக்கிட ஆயத்தமாகிவிட்டதால், அதே ஞாயிறு மதியம் அவளுடைய இரண்டறை வீட்டில் செய்தார்கள். என்னை வரச்சொல்லி மூன்று தடவை சொன்னாள். ஓடி ஒளிந்திருக்கலாம். போனேன். எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். மூலையில் ஒரு மேசை, வெள்ளைத் துணி, ஏழு கிளாஸில் தண்ணீர், பூ, அம்மாவின் படம், சீனி நிறையப் போட்ட ஒரு கோப்பி. அம்மா அப்படித்தான் குடிப்பாராம். நாங்களும் படையலில் செத்தவருக்குப் பிடித்ததைத்தான் வைப்போம். நான் நீலச் சட்டையோடு போயிருந்தேன். மகள் ஒரு வெள்ளைத் துணியை என் தலையில் கட்டி, மேசைக்குப் பக்கத்துக் கதிரையில், பெரிய மனுசியை இருத்துவதுபோல இருத்தினாள். "எங்களுக்காக மண்டபம் கேட்டுக் கதைச்சவ இவதான்," என்று எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினாள்.

பெட்டிகளுக்குள் துவாய்த் துண்டுகளை அடைத்திருந்தார்கள். மேலேயும் துவாய் விரித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சத்தம் கேட்டால் கீழ்வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிடுவார். தலையணைக்குக் குத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. வயதான அம்மா வாய்க்குள் பாடினார். மற்றவர்கள் முணுமுணுத்துத் திருப்பிப் பாடினார்கள். காலுறை போட்ட கால்களோடு, நிலம் அதிராமல் ஆடினார்கள். மதியம் தொடங்கி வெளிச்சம் மங்கும்வரை செய்தார்கள். ஒருதரம் அவளுடைய தோள் குலுங்கியது. எல்லோரும் கிட்ட நெருங்கினார்கள். வயதான அம்மா பாட்டைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தார். நானும் என்னை அறியாமல், வாங்கோ அம்மா, வாங்கோ என்று மனதுக்குள் கூப்பிட்டேன். குலுக்கம் நின்றுவிட்டது. வரவில்லை.

"அவவுக்குக் கேக்கேல்லை," என்றார் வயதான அம்மா.

கியூபாக்காரி நிலத்தில் இருந்து, துவாய் விரித்த பெட்டியில் முகத்தை வைத்து அழுதாள். நான் கதிரையில் இருந்தேன். எழும்பிப் போய் அவள் முதுகைத் தடவக்கூட எனக்கு உரிமை இருக்கவில்லை. ஆனாலும் தடவினேன்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. வயதான அம்மா ஒரு புதுப் பாட்டை எடுத்தார். மெதுவாக, ஒவ்வொரு அடியாகத் தேடி. மற்றவர்கள் ஒவ்வொரு அடியையும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சொல் எனக்கு விளங்கியது: அலெமானியா. ஜெர்மனி. மகள் என் காதுக்குள் சொன்னாள்:

"கப்பல்காரன் தடுத்தவன், எசமான் தடுத்தவன், பொலிஸ் தடுத்தது. இப்ப செத்தவையின்ரை நாளிலையே ஜெர்மன் சட்டம் தடுத்தது, ஆனாலும் அடிச்சனாங்கள் எண்டு பாடுறா."

அறையில் அழுத முகங்கள் எல்லாம் கொஞ்சம் நிமிர்ந்தன. அந்தப் பாட்டு அவர்களுக்குத் தெம்பைக் கொடுத்தது. நான் கதிரையை விட்டு எழும்பினேன். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அடுத்த ஆண்டு ஹம்பேர்க்கில் பெரிதாக ஒரு பெட்டிச் சடங்கு வைத்தார்கள். அவள் விடுமுறை எடுத்துப் போய், திங்கட்கிழமை பூரித்த முகத்தோடு வேலைக்கு வந்தாள்.

"அம்மா வந்தவ," என்றாள். "ஒரு வருசமா வழியிலை நிண்டவவாம். கால் உளையுது எண்டு சொன்னவ."

அங்கே பதிந்ததைக் கேட்கக் கைத்தொலைபேசியை என் காதில் வைத்தாள். முதலில் இரைச்சல், பிறகு பெட்டிச் சத்தம். துவாய் இல்லாத சத்தத்தை அன்றுதான் கேட்டேன். வறண்ட மரத்தில் கை நேராக விழும் சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பதினொரு வயதில் கலங்கியதுபோலவே. பிறகு அந்தப் பாட்டு. ஒருவர் பாட, ஐம்பது அறுபது பேர் திருப்பிப் பாடுகிறார்கள். அலெமானியா, அலெமானியா. அந்தக் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளின் குரலும் கேட்டது.

"பிள்ளையளும் பாடமாக்கிப் போட்டுதுகள்," என்றாள் பெருமையாக. "கியூபாவுக்கும் அனுப்பியிருக்கிறம். நாங்கள் நடந்ததைத்தானே பாட்டிலை வைக்கிறது. எழுதி வைக்க எங்களிட்டை என்ன இருந்தது?"

கருத்துத் தெரியாத சொற்களைக்கூட இருநூறு வருசமாக மாற்றாமல் வைத்திருக்கிறவர்கள். அவர்களுடைய வாய்க்குள் நான் என் பொய்யைப் போட்டுவிட்டேன். ஒரு படிவம் என்றால் ஒரு நாள் கிழித்துவிடுவார்கள். இதை யார் கிழிப்பது?

அன்றைக்கும் நான் சொல்லவில்லை. இன்னும் இரண்டு ஆண்டு எடுத்தது. அவள் வேலையை விட்டு ஹம்பேர்க்குக்குப் போகப் போகிறாள் என்று தெரிந்த கிழமை, அதே வாங்கில் வைத்துச் சொன்னேன். கட்டத்தைச் சொன்னேன். பேனா நின்றதைச் சொன்னேன். அலுவலர் பெண் திருத்தச் சொன்னதையும், புதன், வியாழன், வெள்ளியையும் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். படலையையும் மேளக்காரரையும் தகரப் பேணியையும் சொன்னேன். பறை என்ற சொல்லுக்கு ஜெர்மனில் என்ன என்று தெரியாததால், எங்கடை பெட்டி என்றேன். "எங்கடை பெட்டியை அடிக்கிறவையை நாங்கள் வீட்டுக்குள்ளை விடுறேல்லை. உம்மடையையும் அப்பிடித்தான் நினைச்சுப் போட்டன்."

என்னைத் திட்டினால் நல்லது என்று காத்திருந்தேன். அழுதேன் என்று நினைக்கிறேன், அவள் அழவில்லை.

"ஒரு வருசம் என்ரை அம்மா நிண்டவ," என்றாள் கடைசியில்.

"ஓம்."

"அப்ப தடுத்தது சட்டமில்லை."

"இல்லை."

"பாட்டிலை பிழையான ஆளெல்லோ நிக்குது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் முழங்கையில் தட்டி நிமிரச் செய்தாள். முகத்தில் கோபம் இருந்ததா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அலுவலகங்களில் என்னைக் கேட்பதுபோல, ஒரு வேலையாகக் கேட்டாள்:

"உம்மடை முழுப்பேர் என்ன?"

சொன்னேன். அவளுடைய வாயில் அது சரியாக வரவில்லை. இன்னொருமுறை, பிரித்துப் பிரித்து, மெதுவாகச் சொல்லச் சொன்னாள். அவள் தொடையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்க, நான் சொல்லிக் கொடுத்தேன்.